வீடு வீடாய்ப் போன சுவர்க்கோழிகள்

கப்பலில் இருந்து போன் வந்தால் என் கணவர் முதலில் கேட்பது, "வால் எப்படி இருக்கு?" என்பதுதான். எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு, முழங்கால் வலி உண்டு, கடைவாயில் ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கிறது. அதெல்லாம் பின்னால் வரிசையில் நிற்கும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது என் வழக்கம் என்பதால் இந்தக் கேள்வி தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கி, யாருக்கு வால் என்று என்னிடமே கேட்டுவிட்டார்.

வால் பல்லிக்கு. வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு, ஒரு சாண் நீளத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் வாழ்கிற வெளிநாட்டுச் சாதி. சுவர் ஏறத் தெரியாது. கண்ணை மூடித் திறக்கும். ஒட்டகம் திமிலில் சேர்ப்பதுபோல இது வாலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். வால் தடித்திருந்தால் சுகம், மெலிந்தால் பட்டினி. போன விடுப்பில் வந்தபோது, நான் கேட்ட கிரைண்டரை வாங்காமல் சென்னையில் இருந்து இதை வாங்கி வந்தார். ஆட்டோவில் இருந்து கண்ணாடித் தொட்டி இறங்கியபோது மீன் வளர்க்கப்போகிறாராக்கும் என்று நினைத்தேன். தூத்துக்குடியில் மீனைக் குழம்பில் போடாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதே கொஞ்சம் கிறுக்குத்தனம். அதைவிடப் பெரிய கிறுக்கு உள்ளே இருந்தது.

ஏன் வாங்கினார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ரொம்பவும் சண்டை போடவில்லை. கப்பலில் இஞ்சினியர் என்றால் வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான். எங்கள் மகள் தவழ்ந்த காலத்தில் அவளுக்கு அப்பா என்றால் அது என் கைப்போன். போனுக்கு முத்தம் கொடுப்பாள், போனுக்குச் சோறு ஊட்டி அதை இரண்டு தடவை கெடுத்தாள். பிறகு ஒருநாள் அப்பா நிஜமாகவே வந்து நின்றார். அவள் பிரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டாள். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அதன்பின் அவர் மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் இறங்கி வரவில்லை. இப்போது அவள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அப்பாவோடு நன்றாகப் பேசுகிறாள், நன்றாகப் பணமும் கேட்கிறாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

அந்த விடுப்பு முழுக்கப் பல்லியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடுக்கியில் பூச்சியைப் பிடித்துக்கொண்டு, "வா ராசா, வந்து சாப்பிடு" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதைப் பழக்கிவிட்டார். குரல் கேட்டதும் அது தொட்டிக்குள் இருந்த சின்னக் குகையை விட்டு வெளியே வரும். புறப்படுவதற்கு முந்தின நாள் என்னிடம், "நான் வாரதுக்குள்ள இவன் என்னய மறந்துரக் கூடாது, ஏளா" என்றார். கடுகளவு மூளைக்கு இத்தனை ஞாபகம் எங்கே இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏற்பாடு இதுதான். அவர் கப்பலில் இருந்து வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புவார். நான் சாயங்காலம் தொட்டி முன்னால் போனை வைத்து அதை ஓடவிட்டு, பல்லி வெளியே வந்ததும் பூச்சியைப் போட வேண்டும். எனக்கு வருகிற பதிவு, கேஸ் புக் பண்ணியாச்சா, வீட்டு வரி கட்டியாச்சா என்று சுருக்கமாக முடிந்துவிடும். பல்லிக்கு வருவதில் கடலின் நிறம், சமையல்காரன் செய்த கூத்து, எந்த ஊர்த் துறைமுகத்தில் என்ன மழை என்பதெல்லாம் இருக்கும். கட்டிய பெண்டாட்டி, பல்லிக்கு வந்த கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கிற மாதிரி நான் அதைக் கேட்டுத்தான் அவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

குரல் இலவசமாக வந்தது. பூச்சிதான் வரவில்லை. இந்தத் துரைக்குச் சுவர்க்கோழி தவிர வேறொன்றும் இறங்காது. பெயரைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு என்று நினைத்துவிட வேண்டாம். சாயங்காலமானால் கிரீச் கிரீச்சென்று கத்தும் பூச்சிதான் அது. பெங்களூரில் இருந்து பார்சலில் வரவழைத்தோம். எங்கள் ஊர் வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போது பெட்டிக்குள் இருந்ததெல்லாம் கருவாடு. இரண்டு தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு குழி தோண்டிப் புதைத்த பிறகு, வீட்டிலேயே வளர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, மூடியில் வெட்டி ஒட்டிய கொசுவலை. உள்ளே சுவர்க்கோழிகள் ஒண்டிக்கொள்ள முட்டை அட்டைகள். முட்டை அட்டைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. மக்ரூன் போடுகிற பேக்கரிகளில் வெள்ளைக்கருவுக்காக உடைக்கிற முட்டைக்குக் கணக்கே கிடையாது. பேக்கரி அண்ணாச்சி நான் கேட்டபோதெல்லாம் அட்டையை அடுக்கிக் கட்டிக் கொடுத்தார். நான் பெண்களுக்குக் கைவேலை வகுப்பு நடத்துகிறேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டு வாழ்த்தும் சொன்னார். பெண் சுவர்க்கோழி முட்டையிட, ஒரு சப்பை டப்பாவில் ஈரமான தேங்காய் நார்த்தூள். தின்னக் கேரட், பொட்டுக்கடலை மாவு. எறும்பு ஏறாமல் இருக்க, தொட்டி வைத்த ஸ்டூலின் நாலு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம். எறும்பு ஒன்றுதான் சுவர்க்கோழிக்கு எமன் என்று கணவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆடி மாதம் வருவதற்குள் தொட்டி நிரம்பி வழிந்தது. ஆண் பூச்சிகள் இறக்கையை உரசிப் பாடின, பெண் பூச்சிகள் மயங்கின, டப்பாவில் முட்டைகள் விழுந்தன. இத்தனை சங்கீதமும் காதலும் கடைசியில் ஒரே வாய்க்குள் போய் முடிந்தது வேறு விஷயம். குரல் கேட்கும், துரை வெளியே வருவார், வாலை ஆட்டுவார், லபக்கென்று விழுங்குவார். வால் என் பெருவிரல் தடிமனுக்கு வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை என்றாலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இனி மைனியைச் சொல்ல வேண்டும். மைனி என் கணவரின் அக்கா, பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் பின்கட்டில் ஒரு பொதுக் கதவு உண்டு. அது மைனி வருவதற்காக மட்டும் திறக்கும் கதவு. எங்கள் தெரு அன்பியத்துக்கு, அதாவது தெருவின் ஜெபக் குழுவுக்கு, அவர்தான் தலைவி. ஜெபமாலையை அவர் தொடங்கினால் முனையில் இருக்கிற ரேஷன் கடை வரைக்கும் பதில் சொல்லலாம். சாத்தான் பாம்பாக வந்தவன், கால் முளைத்து வந்தால் இப்படித்தான் இருப்பான் என்பது பல்லியைப் பற்றி அவர் கொண்டிருந்த அபிப்பிராயம். பல்லி இருந்த அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். பின்கட்டு முழுவதும் அவர் ராஜ்ஜியம்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். எங்கள் தெருவில் மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு வரும். சாயங்காலம் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, சுண்டல் சாப்பிட்டு, மறுநாள் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். வழக்கமாக ஒரு பலகையில் பூ வைத்து அலங்கரிப்பதோடு சரி. அந்த வருஷம் மைனிக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. என் வீட்டில் இருந்த புது முட்டை அட்டைகளை எடுத்துக் கசக்கி, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, பாறை பாறையாக ஒட்டி, மாதா கோயில்களில் இருக்கும் அசல் கெபி போலவே ஒரு குகை செய்துவிட்டார். பார்த்தால் கல்லென்றே சொல்லலாம், அத்தனை அழகு. குகைக்கு முன்னால் புல்தரை. கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கேழ்வரகு தூவிப் பச்சைப் புல் வளர்ப்போமே, அதே வேலைதான்.

முதல் வீட்டில் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தபோது அந்தப் புல்தரை எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பழுப்பான நார்த்தூள். ஒரு சப்பை டப்பா. சுவர்க்கோழி முட்டை பொரியட்டும் என்று நான் பின்கட்டில் வெதுவெதுப்பான மூலையில் மூடி வைத்திருந்த டப்பா.

ஜெபமாலையில் மூன்றாவது தேவ இரகசியத்தின் நடுவில் மைனியின் காதருகே குனிந்து, அதில் முட்டை இருக்கிறது மைனி என்று சொன்னேன். அட்டையை நன்றாகத் துடைத்துவிட்டேன், ஒரு சொட்டு முட்டைகூட ஒட்டியிருக்காது, நீ ஜெபத்தைக் கவனி என்று பதில் வந்தது. பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ஜெபம் முடிந்ததும் எல்லாரும் கெபியைச் சுற்றி நின்று மைனியைப் புகழ ஆரம்பித்தார்கள். மைனி வெட்கத்தோடு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றார். அந்த மனுஷி அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. மாதாவின் காலடியில் நூற்றுக்கணக்கான பூச்சி முட்டை இருக்கிறது என்று அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட அத்தனை பக்குவமாக வந்திருக்காது. ஒவ்வொரு வீட்டிலும் புல் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தார்கள். சுற்றிலும் மெழுகுவர்த்தியின் சூடு. ஏழெட்டு வீடு தாண்டியதும் மாதாவின் பாதத்தில் தூசி போலச் சிலது துள்ளுவதைப் பார்த்தேன். குதிக்கிற எறும்பு என்று யாரோ சொன்னார்கள். மழைக்கு முந்தி அப்படித்தான் வரும் என்று இன்னொருவர் விளக்கமும் கொடுத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அருள் நிறைந்த மரியே என்று மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னேன். மாதக் கடைசியில் கெபி திரும்பி வந்தபோது கேழ்வரகு முழங்கை உயரம் வளர்ந்திருந்தது. உள்ளே ஒரு குஞ்சுகூட மிச்சமில்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் தண்ணீர். வீட்டிலோ சுற்றுப்புறத்திலோ தண்ணீர் தேங்க விடாதீர்கள், கொசு முட்டையிடும், டெங்கு பரவும் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ காலையும் மாலையும் சொல்லிக்கொண்டு போனது. மைனி சொன்ன பேச்சைக் கேட்கிற குடிமகள். பூச்சட்டித் தட்டு, பழைய டயர், உடைந்த வாளி எல்லாவற்றையும் கவிழ்த்தார். பின்கட்டு வழியாக வந்து, சுவர்க்கோழித் தொட்டி இருந்த ஸ்டூலுக்கு அடியில் இருந்த நாலு தண்ணீர்க் கிண்ணத்தையும் கொட்டித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஸ்டூல் காலில் கறுப்பு நூல் சுற்றியது போல எறும்பு வரிசை. மழைக்குப் பயந்து வீட்டுக்குள் ஏறிய எறும்புக்கு என் தொட்டி கல்யாண வீடாகப் போய்விட்டது. திறந்து பார்த்தால் இறக்கையும் காலும்தான் கிடந்தன. ஆறு மாதம் வளர்த்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். மைனியை ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கு டெங்கு வரக் கூடாதென்று குனிந்து நிமிர்ந்து செய்த வேலை. அதனால் பாத்திரங்களை டமார் டமாரென்று வைத்து என் கோபத்தை ஆற்றிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் இருந்து, கை நழுவுதா, சத்து மாத்திரை சாப்பிடு என்று மைனி குரல் கொடுத்தார்.

மழையில் பார்சலும் வரவில்லை. பறவைக் கடையில் இருந்து மாவுப்புழு வாங்கி வந்து போட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. நெத்திலியைக் கிள்ளி இடுக்கியில் ஆட்டிக் காட்டினேன். இந்த ஊரில் பிறந்த எந்த ஜீவனும் மறுக்காத நெத்திலியை மோந்துகூடப் பார்க்கவில்லை. வால் நாளுக்கு நாள் சுருங்கியது. குரல் பதிவைப் போடுவதையும் நிறுத்திவிட்டேன். சாப்பிட வா என்று ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு வெறும் இலையைக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. இரண்டு தடவை ஏமாந்தால் மூன்றாவது தடவை அது அந்தக் குரலுக்கு வராது.

போன் வந்தது. "வால் எப்படி இருக்கு?"

"மெலிஞ்சிருக்கு" என்றேன். எறும்பு வந்த கதையைச் சொன்னேன். குரல் போடுவதை நிறுத்தியதையும் சொன்னேன்.

இஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினார்.

"நீ செஞ்சது சரிதான்" என்றார். அப்புறம், "விடு. இதுவும் மறந்துரும்" என்றார்.

வீட்டு வரி கட்டியாச்சா என்று பிறகு கேட்டார். கட்டிவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். 'இதுவும்' என்று அவர் சொன்னது மீன் முள் மாதிரி எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தி வரும் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. மைனி வீட்டில் சாயங்கால ஜெபம். மைனி சிலுவை அடையாளம் போட்டு வாயைத் திறக்கப் போனார். பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்து கிரீச்சென்று ஒரு சத்தம். மைனி நிறுத்தினார், அதுவும் நிறுத்தியது. மைனி தொடங்கினார், அதுவும் தொடங்கியது. ஒரு வாரமாக இந்தச் சனியன் ஜெபம் சொல்ல விடமாட்டேன் என்கிறது, மழைக்கு வந்து ஒண்டியிருக்கிறது என்று மைனி அலுத்துக்கொண்டார்.

எனக்கு அது யாரென்று தெரிந்துவிட்டது. ஆறு மாதம் அந்தப் பாட்டைக் கேட்டுத்தானே சமைத்தேன். எங்கள் ஊர்ப் பூச்சி விட்டு விட்டுக் கத்தும். இது ஒவ்வொரு தடவையும் நீட்டி இழுக்கும். ஜெபம் முடியும்வரை முழங்காலில் நிற்க முடியாமல் தவித்தேன், அன்றைக்கு முழங்கால் வலி காரணமில்லை. ஆமென் சொன்னதும் பிரிட்ஜை நகர்த்தினேன், டம்ளரைக் கவிழ்த்தேன், அட்டையைச் செருகினேன். தடித்த, பழுப்பு நிற, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஆண். என் தொட்டிப் பிள்ளை.

அடுத்து எந்த வீடு என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்டோபரில் மாதா போன வழி எனக்கு மனப்பாடம். காலி மக்ரூன் டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு, அதே வரிசையில் வீடு வீடாகப் போனேன். உங்கள் வீட்டில் பூச்சி கத்துகிறதா என்று கேட்பேன். கத்துகிறது, தாங்க முடியவில்லை என்பார்கள். ஒரு வீட்டில் தையல் மிஷினுக்கு அடியில், ஒரு வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால், ஒரு வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்தின் பின்னாலேயே குடித்தனம். கேரட் துண்டை வைத்துவிட்டு மூச்சை அடக்கிக் காத்திருப்பேன். புருஷன் கடலில் இருந்தால் பொம்பளைக்குத் தலை இப்படித்தான் கலங்கும் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். ஏதோ நேர்ச்சை போலிருக்கிறது என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டவர்களும் உண்டு.

எதிர்வீட்டு அக்கா ஆற்றங்கரை நெல் வயல் ஊர்க்காரர். பல்லி சொன்னால் பலன் பார்க்கிற குடும்பம். தன் வீட்டில் பிடித்த பூச்சியை ஒரு கிண்ணத்தில் மூடி, கோயிலுக்குக் கொண்டுபோவது மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். மகன் வேலை விஷயமாக உங்கள் பல்லி ஏதாவது சொல்லுமா என்று கேட்டார். இது சத்தமே போடாத பல்லி அக்கா என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

டப்பா நிரம்பிய அன்று சாயங்காலமே குரல் பதிவைப் போட்டேன். "வா ராசா, வந்து சாப்பிடு." குகையில் அசைவே இல்லை. நான் எல்லாப் புனிதர்களையும் ஒரு சுற்றுக் கூப்பிட்டு முடித்தேன். பிறகு ஒரு மூக்கு தெரிந்தது. அப்புறம் தலை. சூம்பிப்போன வாலோடு தள்ளாடி வெளியே வந்து, போனைப் பார்த்து நின்றது. இடுக்கியை நீட்டினேன், லபக். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தச் சனியனின் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பிடித்ததில் பாதியைத் தொட்டியில் விட்டு மறுபடி வளர்த்தேன். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வால் பழையபடி தடித்திருந்தது. மைனிக்கு இன்றைக்குவரை கெபியின் கதை தெரியாது. அந்த வருஷம் புல் அப்படிச் செழித்தது மாதாவின் அருள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டொரு நாள் முந்தி என் கணவர் வந்தார். மகளும் விடுதியில் இருந்து வந்திருந்தாள். வாகைக்குளம் விமான நிலையத்தில் இருந்து வந்தவர் குளிக்கக்கூட இல்லை, நேராகத் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்து, "வா ராசா" என்றார். வெளியே படுத்திருந்த பல்லி ஒரே ஓட்டமாகக் குகைக்குள் போய்விட்டது.

பயணக் களைப்பில் அவர் குரல் கட்டியிருக்கிறது என்றேன். பனிக்கு அது வெளியே வராது என்றேன். மறுநாளும் இடுக்கியோடு உட்கார்ந்தார். உள்ளே இருந்து இரண்டு கண் அவரைப் பார்த்தது, அவ்வளவுதான். "பரவால்ல, புது ஆளுல்லா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். இடுக்கியை வைத்துவிட்டு மாடிப்படி பக்கம் போனார்.

மகள்தான் கூப்பிட்டாள். "அப்பா, மாடிக்குப் போகாதீங்க. உள்ரூம்ல போயி அம்மா நம்பருக்குப் போன் போடுங்க."

அவருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்தவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாதா. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, வழக்கமான இடத்தில் தொட்டி முன்னால் வைத்தேன்.

"வா ராசா" என்றது போன். "வந்து சாப்பிடு."

குகைக்குள் இருந்து மூக்கு வந்தது, தலை வந்தது, தடித்த வாலை ஆட்டிக்கொண்டு முழு உடம்பும் வந்தது. நேராகப் போன் பக்கம் நடந்து வந்து, கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. மகள் இடுக்கியை நீட்டினாள்.

"வந்துட்டானா?" என்று போனில் கேட்டார்.

"வந்துட்டான்."

"சாப்பிடுதானா?"

"சாப்பிடுதான்."

கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. "ஏளா, நான் அங்கன வரட்டா?"

"இப்ப வராதிய" என்றேன். "இன்னுங் கொஞ்ச நேரம் பேசுங்க."